கடலில் நின்ற கப்பல்: 2022 இலங்கைத் தட்டுப்பாடு எங்கே தொடங்கியது?

2022 மே 18 அன்று இலங்கை நாடாளுமன்றத்தில் எரிசக்தி அமைச்சர் காஞ்சன விஜேசேகர ஒரு விவரத்தைச் சொன்னார். பெற்றோல் ஏற்றிய கப்பல் ஒன்று மார்ச் 28 முதல் இலங்கைக் கடற்பரப்பில் நங்கூரமிட்டு நிற்கிறது. அதற்குக் கொடுக்க டொலர் இல்லை. ஜனவரியில் வந்து இறக்கிய முந்தைய சரக்குக்கே 5 கோடியே 30 இலட்சம் டொலர் பாக்கி இருக்கிறது, அதையும் கேட்கிறார்கள். ஆகவே பெற்றோல் வரிசையில் நிற்க வேண்டாம் என்று அமைச்சர் மக்களைக் கேட்டுக்கொண்டார். அந்த நேரத்தில் கொழும்பிலும் கண்டியிலும் யாழ்ப்பாணத்திலும் எரிபொருள் நிரப்பு நிலையங்களின் முன்னால் மோட்டார் சைக்கிள்களும் முச்சக்கர வண்டிகளும் கிலோமீட்டர் கணக்கில் நின்றுகொண்டிருந்தன.

விநியோகச் சங்கிலி முறிவு என்றதும் அந்த ஆண்டுகளில் உலகம் பார்த்த படங்கள் வேறு. 2021 மார்ச்சில் எவர் கிவன் என்ற கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கி ஆறு நாள் வழியை அடைத்தது. லொஸ் ஏஞ்சலஸ் துறைமுகத்துக்கு வெளியே கப்பல்கள் வாரக் கணக்கில் காத்துக் கிடந்தன. சிப் கிடைக்காமல் கார் தொழிற்சாலைகள் மூடப்பட்டன. அங்கெல்லாம் பணம் தயாராக இருந்தது. பொருள்தான் வந்து சேரவில்லை. இலங்கையில் நடந்தது இதற்கு நேர்மாறு. பொருள் வாசல் வரை வந்தது. கொழும்புத் துறைமுகம் முடங்கவில்லை. 2021இல் 20 அடிக் கொள்கலன் கணக்கில் 72 இலட்சத்துக்கும் மேல் கையாண்டது. அது முந்தைய ஆண்டைவிடக் கூடுதல். அந்தச் சரக்கில் பெரும்பகுதி இந்தியா முதலான நாடுகளுக்குக் கப்பல் மாற்றி அனுப்பப்படுவது. ஊரார் சரக்கு அதே துறைமுகத்தின் வழியே தடையின்றிப் போய்க்கொண்டிருக்க, இலங்கைக்கென்று வந்த பருப்பும் சீனியும் பால்மாவும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கொள்கலன்களில் விடுவிக்கப்படாமல் கிடந்தன. கிடந்த ஒவ்வொரு நாளுக்கும் தாமதக் கட்டணம் ஏறியது. அதுவும் டொலரில்தான்.

அறுந்தது பணம் போகும் வழி. அந்த வழியை அறுத்ததில் கொரோனாவுக்கும் உக்ரைன் போருக்கும் பங்கு உண்டு. ஆனால் அவை வந்து மோதியபோது தாங்கும் வலு இல்லாமல் போனதற்குக் காரணம் 2019 இறுதியிலிருந்து எடுக்கப்பட்ட சில முடிவுகள். அந்த முடிவுகள் எல்லாவற்றிலும் ஒரே போக்கைக் காண முடிகிறது: ஒரு பொருளின், ஒரு நாணயத்தின், ஒரு கடனின் உண்மையான விலையை ஆட்சி ஏற்க மறுத்தது. மறுக்கப்பட்ட விலை பிறகு வரிசையாக வந்து தெருவில் நின்றது.

வங்கிக் கடிதத்தின் மதிப்பு

கொழும்பு புறக்கோட்டையில் பருப்பு மொத்த வியாபாரம் செய்கிறவர் அவுஸ்திரேலியாவிலிருந்து சரக்கு எடுப்பதாக வைத்துக்கொள்வோம். அவர் நேரே பணம் அனுப்புவதில்லை. தன் வங்கியில் எல்.சி. என்னும் உறுதிக் கடிதம் திறக்கிறார். சரக்கு ஏற்றிய ஆவணங்கள் கைக்கு வந்ததும் இன்ன தொகையை நான் கொடுப்பேன் என்று அந்த வங்கி அந்த நாட்டு வங்கிக்கு எழுதிக் கொடுக்கும் உறுதி அது. உலக வணிகத்தில் ஒரு பகுதி இந்த மாதிரியான காகித நம்பிக்கையில்தான் ஓடுகிறது. விற்பவருக்கு வாங்குபவரைத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவருடைய வங்கியை நம்பினால் போதும். வங்கியை நம்ப வேண்டுமானால் அதன் நாட்டிடம் டொலர் இருக்க வேண்டும்.

2021 நடுப்பகுதியிலிருந்து இந்த நம்பிக்கை கரையத் தொடங்கியது. மூடிஸ், ஃபிட்ச், எஸ் அண்ட் பி ஆகிய மூன்று தர நிறுவனங்களும் 2020 முடிவதற்குள் இலங்கையின் கடன் தரத்தை மிகக் கீழே இறக்கியிருந்தன. இலங்கை வங்கிகள் எழுதும் உறுதிக்கு வேறொரு பெரிய வங்கி மறுஉறுதி தர வேண்டும் என்று வெளிநாட்டு வங்கிகள் கேட்டன. அதற்குக் கட்டணம் ஏறியது. பிறகு முன்பணம் கேட்டன. பிறகு மறுத்தன. முன்பு சரக்கை விற்று, ரூபாவைத் திரட்டி, மூன்று மாதம் கழித்துக் கணக்குத் தீர்த்துக்கொண்டிருந்த வியாபாரி, இப்போது சரக்கைக் கண்ணால் காணும் முன்பே முழு டொலரையும் வைக்க வேண்டியவரானார். வங்கியிலோ டொலர் இல்லை.

எந்தப் பொருளுக்கு முதலில் டொலர் ஒதுக்குவது என்ற முடிவு இப்போது வங்கி மேலாளர்களின் மேசைக்கும் அமைச்சுக்களின் அறைக்கும் போனது. எரிபொருளுக்குக் கொடுத்தால் மருந்துக்கு இல்லை. மருந்துக்குக் கொடுத்தால் கேஸுக்கு இல்லை. சந்தையில் ஆயிரம் பேர் தனித்தனியே செய்யும் தெரிவை ஒரு சிலர் செல்வாக்கின் பலத்திலும் அவசரத்திலும் செய்யும்போது சிறிய இறக்குமதியாளர்தான் முதலில் விழுகிறார். அச்சுத் தாள் வாங்குபவர் அப்படி விழுந்தவர்களில் ஒருவர். 2022 மார்ச்சில் மேல் மாகாணத்தில் 9, 10, 11ஆம் வகுப்புத் தவணைப் பரீட்சைகள் தாளும் மையும் இல்லாததால் ஒத்திவைக்கப்பட்டன. அதே மாதம் ‘த ஐலண்ட்’, ‘திவயின’ நாளிதழ்கள் தம் சனிக்கிழமை அச்சுப் பதிப்பை நிறுத்தின.

டொலர் எங்கே போனது

2019 இறுதியில் இலங்கையின் வெளிநாட்டு ஒதுக்கு ஏறத்தாழ 760 கோடி டொலர். 2021 இறுதியில் ஏட்டளவில் 310 கோடி. அதிலும் பாதியளவு சீன மத்திய வங்கியுடன் செய்த நாணய மாற்று ஒப்பந்தத்தில் வந்த யுவான். நிபந்தனைகள் நிறைவேறாமல் அதைத் தொட முடியாது. 2022 மே மாதம் நிதியமைச்சர் அலி சப்ரி நாடாளுமன்றத்தில் சொன்னபடி, உடனே செலவிடக்கூடிய ஒதுக்கு 5 கோடி டொலருக்கும் குறைவு. 2 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் ஒரு நாட்டின் கையிருப்பு அது.

சுற்றுலா சரிந்தது உண்மை. 2018இல் 23 இலட்சம் பேர் வந்து 430 கோடி டொலருக்கும் மேல் ஈட்டித் தந்த துறை அது. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளும் அடுத்து வந்த தொற்றும் அதை ஏறக்குறைய அழித்தன. இதற்குப் பொருளாதார முடிவுகளைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வேறொரு பெரிய வரவு கைநழுவியதற்குக் கொழும்பில் எடுத்த முடிவே நேரடிக் காரணம்.

மத்திய கிழக்கிலும் ஐரோப்பாவிலும் வேலை செய்யும் இலங்கையர் வீட்டுக்கு அனுப்பிய பணம் 2020இல், தொற்றின் நடுவிலும், 710 கோடி டொலர். 2021இல் 550 கோடி. 2022இல் 380 கோடி. அவர்கள் அனுப்புவதை நிறுத்திவிடவில்லை. 2021 செப்டம்பரிலிருந்து மத்திய வங்கி ஒரு டொலருக்கு 203 ரூபாவுக்கு மேல் போகவிடாமல் வீதத்தைப் பிடித்து வைத்திருந்தது. வெளியே அதே டொலர் 240, 250 என்று போனது. குவைத்தில் வீட்டு வேலை செய்யும் ஒரு பெண் மாதம் 300 டொலர் அனுப்பினால், வங்கி வழியே போவதைவிட உண்டியல்காரர் (வங்கிக்கு வெளியே பணம் மாற்றிக் கொடுப்பவர்) வழியே வீட்டுக்குப் பத்தாயிரம் ரூபாவுக்கும் மேல் அதிகமாகப் போய்ச் சேரும். அவர் எதைத் தேர்வார்? உண்டியலில் ரூபா இங்கே கைமாறுகிறது. டொலர் அங்கேயே தங்கிவிடுகிறது. ஏற்றுமதியாளர்களும் தம் வருமானத்தை உள்ளே கொண்டுவரத் தயங்கினார்கள். ரூபாவின் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து நிறுத்திய அந்த வீதம் டொலரை நாட்டுக்குள் வரவிடாமல் செய்தது. என் கணிப்பில், பெற்றோல் வரிசைக்கு மிக நெருங்கிய காரணம் இதுவே.

இன்னும் பின்னே போனால் 2019 டிசம்பர் வருகிறது. கோட்டாபய ராஜபக்ச ஜனாதிபதியானதும் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அந்த வரிக்குப் பதிய வேண்டிய வருடாந்த விற்பனை எல்லை 1 கோடியே 20 இலட்சம் ரூபாவிலிருந்து 30 கோடியாக உயர்த்தப்பட்டது. அரசின் வரி வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 8 சதவீத அளவுக்கு இறங்கியது. உலகிலேயே மிகக் குறைந்த விகிதங்களுள் ஒன்று. பள்ளத்தை மத்திய வங்கி பணம் அச்சிட்டு நிரப்பியது. 2021 முடிவில் அதன் கையில் இருந்த அரசுப் பத்திரங்கள் ஒரு இலட்சம் கோடி ரூபாவைத் தாண்டின. அச்சிட்ட ரூபா கடைசியில் இறக்குமதிப் பொருளைத்தான் தேடிப் போகிறது. தர நிறுவனங்கள் இதைப் பார்த்துத்தான் மதிப்பை இறக்கின. சர்வதேசக் கடன் சந்தை இலங்கைக்கு மூடிக்கொண்டது.

அப்போதும் சர்வதேச நாணய நிதியத்திடம் போக அரசு மறுத்தது. 2022 ஜனவரி 18 அன்று முதிர்ந்த 50 கோடி டொலர் முறிக் கடனை முழுதாகத் திருப்பிக் கொடுத்தது. 2021 விலைக் கணக்கில் நாட்டின் ஒரு மாத எரிபொருளுக்கும் கூடுதலான தொகை அது. கொள்கலன்கள் துறைமுகத்தில் கிடக்கும்போது, மருத்துவமனைகள் மருந்துப் பட்டியலைச் சுருக்கிக்கொண்டிருக்கும்போது, அந்தப் பணம் முறி வைத்திருந்தவர்களிடம் போனது. மூன்றே மாதத்தில், ஏப்ரல் 12 அன்று, வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நிறுத்துவதாக அதே நாடு அறிவித்தது. ஜனவரியில் அந்த அறிவிப்பைச் செய்திருந்தால் எத்தனை சத்திரசிகிச்சைகள் தள்ளிப் போகாமல் நடந்திருக்கும் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. மார்ச் இறுதியில் பேராதனைப் போதனா மருத்துவமனை மருந்து இல்லாமல் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்தி வைத்தது. நாட்டுக்குத் தேவையான மருந்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வெளியிலிருந்துதான் வருகிறது.

மஞ்சளும் உரமும்

டொலரைச் சேமிக்க 2020 முதல் பல பொருட்களின் இறக்குமதி நிறுத்தப்பட்டது. வாகனத்தை நிறுத்தினார்கள், அது புரிந்துகொள்ளக்கூடியது. மஞ்சளையும் உளுந்தையும் நிறுத்தினார்கள். மஞ்சள் இல்லாமல் இலங்கையில் கறி இல்லை. உள்நாட்டு விளைச்சல் தேவையில் சிறு பங்கு. சில நூறு ரூபாவுக்கு விற்ற ஒரு கிலோ பல ஆயிரம் ரூபாவுக்கு ஏறியது. மாவு கலந்த மஞ்சள் தூள் கடைகளில் பிடிபட்டது. கடல் வழியே ஒரு புதிய கடத்தல் பிறந்தது: இராமநாதபுரம், தூத்துக்குடிக் கரைகளில் தங்கத்தையும் கஞ்சாவையும் தேடிக்கொண்டிருந்த அதிகாரிகள் மூட்டை மூட்டையாக விரலி மஞ்சளைப் பிடித்தார்கள். தடை மஞ்சளுக்கான டொலர் செலவை நிறுத்தியதா? செலவு உண்டியலுக்கு இடம் மாறியது, அவ்வளவுதான்.

மஞ்சளில் கிடைத்த பாடத்தை யாரும் படிக்கவில்லை. 2021 மே மாதம் வந்த வர்த்தமானி அறிவித்தல் இரசாயன உரத்தையும் பூச்சி, களை கொல்லிகளையும் ஒரே நாளில் தடை செய்தது. ராஜபக்சவின் தேர்தல் அறிக்கை இயற்கை வேளாண்மைக்கு மாறப் பத்தாண்டு காலம் பேசியிருந்தது. இறக்குமதி உரத்துக்கு 2020இல் செலவானது ஏறத்தாழ 26 கோடி டொலர். தடை வந்தபோது யூரியா விலை உலகெங்கும் ஏறிக்கொண்டிருந்தது. இயற்கை வேளாண்மை என்ற நல்ல கொள்கை டொலர் பற்றாக்குறைக்குத் திரையாகப் பயன்படுத்தப்பட்டது என்பதே என் முடிவு. இயற்கை வேளாண்மையில் நம்பிக்கை உள்ளவர்களுக்கு இதைவிடப் பெரிய தீங்கை வேறு யாரும் செய்திருக்க முடியாது.

கணக்கு எளியது. யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். நல்ல கூட்டெருவில் 1 முதல் 2 சதவீதம். இரண்டு மூட்டை யூரியா, அதாவது 100 கிலோ, தரும் நைட்ரஜனைக் கூட்டெருவாகக் கொடுக்க 2 தொன்னிலிருந்து 4 தொன்னுக்கு மேல் வேண்டும். அவ்வளவு எருவைச் செய்யக் கால்நடை எங்கே, கொண்டுபோக லொறி எங்கே, லொறிக்கு டீசல் எங்கே? சீனாவிலிருந்து வரவழைத்த இயற்கை உரக் கப்பலில் தீங்கான நுண்ணுயிர் இருப்பதாக இலங்கை விஞ்ஞானிகள் கண்டறிந்து திருப்பினார்கள். அந்தத் தகராறைத் தீர்க்க 67 இலட்சம் டொலர் கொடுக்க வேண்டியதாயிற்று. உரமே இறங்கவில்லை; டொலர் மட்டும் போனது.

நவம்பரில் தடை விலக்கப்பட்டது. ஆனால் முக்கிய நெற்பருவமான பெரும்போகத்துக்கு விதைத்தாயிற்று. நெல்லுக்கு உரம் எந்த நாளில் வேண்டுமோ அந்த நாளில் வேண்டும். பிந்தி வரும் உத்தரவு பயிருக்குப் பயன்படாது. 2021/22 பெரும்போக விளைச்சல் முந்தைய ஆண்டுப் பெரும்போகத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தது. அரிசியில் தன்னிறைவு என்று சொல்லிக்கொண்டிருந்த நாடு 2022இல் 7 இலட்சம் தொன்னுக்கு மேல் அரிசியை இறக்குமதி செய்தது. தேயிலை உற்பத்தி 2021இல் ஏறக்குறைய 30 கோடி கிலோ. 2022இல் 25 கோடி கிலோ. தேயிலை டொலர் கொண்டுவரும் பயிர். உரத்தில் மிச்சம் பிடித்த டொலரைவிட அரிசிக்கும் தேயிலைக்கும் இழந்தது கூடுதல். விநியோகச் சங்கிலியின் ஒரு கண்ணியை விலை பார்த்து வெட்டினால் செலவு அந்தக் கண்ணியோடு நிற்பதில்லை என்பதற்கு இந்தக் காலத்தில் இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

ஒன்று இல்லாமல் போனால்

தட்டுப்பாடு பரவும் விதத்தைப் பார்க்க மண்ணெண்ணெயை எடுத்துக்கொள்ளலாம். இலங்கையின் ஒரே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை சப்புகஸ்கந்தையில் இருக்கிறது. 1969 முதல் இயங்குவது. கச்சா எண்ணெய் வாங்க டொலர் இல்லாமல் 2021 நவம்பரில் அது மூடப்பட்டது. பிறகு திறந்தும் மூடியும் நொண்டியது. அது ஓடாவிட்டால் உள்நாட்டு மண்ணெண்ணெய் வராது. மின் நிலையங்களுக்கான உலை எண்ணெயும் வராது. அதே நேரம் கேஸ் சிலிண்டரும் கிடைக்கவில்லை. வெதுப்பகங்கள் பல மூடின. நகரத்து வீடுகள் மண்ணெண்ணெய் அடுப்புக்கு மாறின. மின்வெட்டு மார்ச் 31 அளவில் நாளுக்கு 13 மணி நேரமானது. இரவில் விளக்கெரிக்கவும் மண்ணெண்ணெய் தேடினார்கள். இப்படி, வரத்து எந்த நேரத்தில் குறைந்ததோ அதே நேரத்தில் தேவை பல மடங்கானது.

இரண்டுக்கும் நடுவில் மாட்டியவர் மன்னாரிலும் முல்லைத்தீவிலும் யாழ்ப்பாணத் தீவுகளிலும் சிறு வெளியிணைப்பு இயந்திரப் படகோட்டும் மீனவர். அவருடைய இயந்திரம் மண்ணெண்ணெயில் ஓடுகிறது. அது இல்லாவிட்டால் கடலுக்குப் போக முடியாது. போகாவிட்டால் மீன் இல்லை. மலிவான புரதம் சந்தையில் குறைகிறது. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் திரும்பி வந்தபோது அரசு அதன் விலையை ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு உயர்த்தியது. கொழும்பின் பெற்றோல் வரிசையை உலகச் செய்தியாளர்கள் படமெடுத்தார்கள். இந்தப் படகுகள் கரையில் ஏறிக் கிடந்ததை எடுத்தவர்கள் குறைவு.

வடக்கில் வயதானவர்களுக்கு இது முதல் தடவை இல்லை. 1990களில் போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல், பட்டரி, சவர்க்காரம், யூரியா எல்லாம் தடுக்கப்பட்டிருந்தன. ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்களும், சிறிது பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களும் இன்னும் இருக்கிறார்கள். அது ஆணை போட்டு உண்டாக்கிய பஞ்சம். நாட்டின் ஒரு பகுதி மக்கள் மேல் அதே நாட்டின் அரசு போட்டது. 2022இல் தெற்கு அனுபவித்ததை வடக்கு அப்போது ஆண்டுக் கணக்கில் தனியே அனுபவித்தது. இதை யாரையும் குத்திக்காட்டச் சொல்லவில்லை. இலங்கையின் தட்டுப்பாட்டு வரலாற்றை எழுதுகிறவர்கள் 2021இல் தொடங்கக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

வரிசை என்னும் விலை

விலையைக் கட்டிவைத்தால் ஏழைக்கு நன்மை என்ற எண்ணம் பரவலானது. அதில் இரக்கமும் இருக்கிறது. 2021இல் பால்மா, கேஸ், சீமெந்து, கோதுமை மா எல்லாவற்றுக்கும் உச்ச விலை இருந்தது. உலகச் சந்தையில் பால்மா விலையும் கப்பல் கூலியும் ஏற, அந்த உச்ச விலையில் இறக்கினால் நட்டம் என்று இறக்குமதியாளர்கள் நிறுத்திவிட்டார்கள். கடையில் பழைய விலை எழுதியிருந்தது. பால்மா மட்டும் இல்லை. ஆகஸ்ட் இறுதியில் அரசு அவசரகால விதிகளைக் கொண்டுவந்து, அத்தியாவசியச் சேவை ஆணையாளராக ஒரு இராணுவ மேஜர் ஜெனரலை நியமித்து, சீனிக் களஞ்சியங்களைச் சோதனையிட்டது. பதுக்கல் இருந்ததா? இருந்தது. ஆனால் நாளை விலை ஏறும், நாளை பொருள் இராது என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகு பதுக்கல் வியாபாரியோடு நிற்பதில்லை. வீடு வீடாக நடக்கிறது. இரண்டு பாக்கெட் பால்மா வாங்கும் தாய் நான்கு வாங்குகிறாள். பாதித் தாங்கியோடு வண்டி ஓட்டியவர் எப்போதும் நிரப்பிக்கொள்கிறார். நாட்டின் எல்லாத் தாங்கிகளும் ஒரே வாரத்தில் நிரம்ப முயன்றால் இரண்டு கப்பல் பெற்றோலும் காணாமல் போகும். அக்டோபரில் உச்ச விலை நீக்கப்பட்டதும் 12.5 கிலோ கேஸ் சிலிண்டர் 1,493 ரூபாவிலிருந்து 2,700 ரூபா அளவுக்குப் பாய்ந்தது. அடுத்த ஏப்ரலில் 4,860.

கட்டிவைத்த விலையில் பெற்றோல் வாங்கியவர் உண்மையில் எவ்வளவு கொடுத்தார் என்று யாரும் கணக்குப் போடவில்லை. முச்சக்கர வண்டி ஓட்டுபவர் இரண்டு நாள் வரிசையில் நின்றால் இரண்டு நாள் வருமானம் போகிறது. சம்பளம் வாங்குபவர் சாரதியை வரிசையில் நிறுத்திவிட்டு அலுவலகம் போகலாம். நாட்கூலிக்காரருக்கு அந்த வழி இல்லை. 2022 மார்ச் 19, 20 இரண்டு நாளில், எரிபொருளுக்காக வரிசையில் நின்ற எழுபது வயதை எட்டிய இருவர் இறந்தார்கள். ஜூலைக்குள் இப்படி இறந்தவர்கள் பத்துப் பேருக்கும் மேல்.

இந்தக் குழப்பத்தைத் தீர்த்ததில் பெரும்பங்கு ஒரு எளிய ஏற்பாட்டுக்கு உண்டு. 2022 ஜூலையில் தொடங்கி ஆகஸ்ட் முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த கியூஆர் அட்டை முறை ஒவ்வொரு வாகனத்துக்கும் வார அளவு நிர்ணயித்தது: மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, காருக்கு 20. அளவு மிகக் குறைவு. முச்சக்கர வண்டி ஓட்டுபவர் 5 லீற்றரில் வாரம் முழுதும் பிழைக்க முடியாது. ஆனாலும் சில வாரங்களில் வரிசைகள் சுருங்கின. நாளைக்கும் என் பங்கு எனக்கு இருக்கும் என்ற நிச்சயம் வந்ததும் நிரப்பி வைக்கும் அவசரம் போய்விட்டது. இந்த முறைக்குக் கப்பல் வேண்டாம், டொலர் வேண்டாம். சில கணினிகளும் கைப்பேசிகளும் போதும். பிப்ரவரியில் கொண்டுவந்திருக்கலாம். பங்கீடு என்று அறிவித்தால் தட்டுப்பாட்டை ஒப்புக்கொண்டதாகும் என்ற தயக்கத்தில் ஐந்து மாதம் கடந்தது.

யார் மேல் விழுந்தது

2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம், உணவு மட்டும் 94.9. பெற்றோல் 2021 ஜூன் வரை லீற்றர் 137 ரூபா. ஓராண்டு கழித்து 470. ஐ.நா.வின் உணவு அமைப்புகள் அந்த ஆண்டு செய்த மதிப்பீட்டில் 63 இலட்சம் பேருக்குப் போதிய உணவு இல்லை; பத்தில் மூவர். நகரம், கிராமம், தோட்டம் என்று பிரித்துப் பார்த்தபோது மிக மோசம் தோட்டங்கள்.

மலையகத் தோட்ட வீடுகளில் காலையும் இரவும் ரொட்டி. கோதுமை முழுக்க இறக்குமதி. நூறு ரூபாவுக்குள் இருந்த ஒரு கிலோ மா 2022 நடுவில் 400 ரூபாவைத் தொட்டது. அப்போது நாட்சம்பளம் 1,000 ரூபா. அதுவும் நிர்ணயித்த கொழுந்து நிறை இருந்தால்தான் முழுதாகக் கிடைக்கும். உரம் போடாத தேயிலையில் கொழுந்து குறைந்தது. நிறை எட்டாத நாட்கள் கூடின. இவர்களுக்கு உரத் தடை இரண்டு வழியில் வந்தது: கூலி குறைந்தது, சாப்பாடு விலை ஏறியது. நெல் விவசாயிக்கு நட்டஈடு அறிவித்தார்கள். கொழுந்து பறிப்பவளின் குறைந்த நாட்சம்பளத்துக்கு அப்படி எதுவும் அறிவிக்கவில்லை.

மார்ச் 22 அன்று யாழ்ப்பாணம், மன்னார்ப் பக்கத்திலிருந்து குழந்தைகளோடு 16 பேர் படகேறித் தமிழ்நாட்டுக் கரையில் இறங்கினார்கள். மண்டபம் முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். மண்டபம் போரில் ஓடிவந்தவர்களுக்கென்று இருந்த முகாம். இம்முறை வந்தவர்கள் அரிசி விலைக்கும் வேலையின்மைக்கும் தப்பி வந்தவர்கள். ஏப்ரல் இறுதியில் தமிழ்நாடு சட்டமன்றம் உதவி அனுப்ப அனுமதி கேட்டுத் தீர்மானம் போட்டது. மே 18 அன்று, காஞ்சன விஜேசேகர கொழும்பில் பேசிய அதே நாளில், சென்னைத் துறைமுகத்திலிருந்து 9,000 தொன் அரிசியும் 200 தொன் பால்மாவும் மருந்தும் ஏற்றிய முதல் கப்பல் புறப்பட்டது. இந்திய அரசு கடனாகவும் நாணய மாற்றாகவும் அந்த ஆண்டு தந்த உதவி ஏறக்குறைய 400 கோடி டொலர். அந்தக் கடனுதவிகள் இல்லாதிருந்தால் ஏப்ரலிலேயே நாடு முழுதாக நின்றிருக்கும்.

பிறகு நடந்தது பலருக்குத் தெரியும். ஜூலை 9 அன்று மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தார்கள். 14ஆம் திகதி கோட்டாபய சிங்கப்பூரிலிருந்து பதவி விலகல் கடிதம் அனுப்பினார். மார்ச்சிலேயே ரூபா மிதக்கவிடப்பட்டிருந்தது. ஏப்ரலில் மத்திய வங்கி ஆளுநராக வந்த நந்தலால் வீரசிங்க ஒரே நாளில் வட்டி வீதத்தை 7 சதவீதப் புள்ளி உயர்த்தினார். உண்டியலுக்கும் வங்கிக்கும் இருந்த இடைவெளி மூடியதும் வெளிநாட்டிலிருப்போர் பணம் 2023இல் 600 கோடி டொலரை நெருங்கியது. 2023 மார்ச்சில் நாணய நிதியம் 300 கோடி டொலர் அளவிலான கடன் திட்டத்தை அங்கீகரித்தது. இலங்கை அதனிடம் போன பதினேழாவது தடவை அது. 2023 செப்டம்பரில் கியூஆர் முறை நிறுத்தப்பட்டது. கடைகளில் எல்லாம் இருந்தன.

அந்த நிறைந்த கடைகளைப் பார்த்து மீட்சி என்று சொல்வோர் இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். உலக வங்கியின் மதிப்பீட்டில் வறியோர் 2021இல் மக்கள்தொகையில் 13 சதவீதம், 2022இல் 25. மின் கட்டணம் 2022 ஆகஸ்டில் 75 சதவீதமும் 2023 பிப்ரவரியில் 66 சதவீதமும் உயர்ந்தது. 2023இல் கட்டணம் கட்டாததால் துண்டிக்கப்பட்ட மின் இணைப்புகள் 10 இலட்சத்துக்கும் மேல். 2022இல் மட்டும் 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். பொருள் அலமாரிக்குத் திரும்பியதில், அதை வாங்கும் வலுவைப் பலர் இழந்ததற்கும் ஒரு பங்கு உண்டு.

2023 நவம்பர் 14 அன்று இலங்கை உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதியரசர்களில் நால்வர் ஒரு தீர்ப்பளித்தார்கள். கோட்டாபய, மஹிந்த, பசில் ராஜபக்ச சகோதரர்களும், மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் அஜித் நிவார்ட் கப்ரால், டபிள்யூ.டி. லக்ஷ்மன் ஆகியோரும் மற்றும் சில உயர் அதிகாரிகளும் பொருளாதாரத்தைக் கையாண்ட விதத்தால் பொதுமக்கள் நம்பிக்கையை மீறினார்கள், குடிமக்களின் அடிப்படை உரிமையை மீறினார்கள் என்பது அந்தத் தீர்ப்பு. வரிக் குறைப்பும், நாணய வீதத்தைப் பிடித்து வைத்ததும், நாணய நிதியத்திடம் போகாமல் தாமதித்ததும் அதில் ஆராயப்பட்டன. வரிசையில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அந்தத் தீர்ப்பால் எந்த நட்டஈடும் கிடைக்கவில்லை.